மருத்துவச்சியின் பையும் உயிர் காக்கும் கருவிகளும்

நலமுள்ள ஒரு பெண்ணின் உடலில் ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் வரை குருதி ஓடுகிறது. அவள் கருவுற்று நிறைமாதத்தை எட்டும்போது இந்த அளவு மேலும் ஒன்று, ஒன்றரை லிட்டர் கூடிவிடுகிறது. மகப்பேற்றின்போது ஓரளவு குருதி வெளியேறும் என்பதை அறிந்தே இயற்கை செய்து வைத்திருக்கும் சேமிப்பு இது எனலாம். ஆனால் இந்தச் சேமிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நிறைமாதத்தில் கருப்பையை நோக்கி ஒவ்வொரு நிமிடமும் 500 முதல் 700 மில்லி லிட்டர் வரை குருதி பாய்கிறது. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தவுடன், அந்தக் குருதிக் குழாய்களின் வாய்கள் யாவும் திறந்து கிடக்கின்றன. அப்படியானால் தாய்மார்கள் எல்லோரும் எப்படிப் பிழைக்கிறார்கள்?

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்ததும் பையின் வாய் மூடிக்கொள்ளும் அன்றோ? கருப்பையின் தசைநார்களும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அத்தசைநார்களின் ஊடேதான் குருதிக் குழாய்கள் செல்கின்றன. குழந்தை வெளிவந்ததும் தசைகள் இறுகுகின்றன. குழாய்கள் நெரிபட்டு அடைபடுகின்றன. தசைகள் களைத்து இறுகாமல் போனால் குருதி நிற்பதில்லை. பேற்றுக்குப்பின் ஏற்படும் கடுங்குருதிப்போக்கில் 10-க்கு 7 நிகழ்ச்சிகளுக்கு இதுவே காரணம். பாதையில் ஏற்படும் கிழிசல், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுதல், குருதி உறையும் தன்மை கெடுதல் ஆகிய மூன்றும் பிற காரணங்கள்.

இரண்டு மணி நேரக் கணக்கு

மகப்பேற்றில் வரும் இடர்கள் பல. குழந்தை வெளிவராமல் தடைபட்டால் தாயைக் காப்பாற்ற ஏறத்தாழ 3 நாள் அவகாசம் இருக்கிறது. நச்சுத் தொற்று ஏற்பட்டால் 6 நாள் வரை காலம் இருக்கலாம். வலிப்பு வந்தால் 2 நாள். ஆனால் பேற்றுக்குப்பின் பெருகும் குருதிப்போக்குக்கு மட்டும் காலம் மிகக் குறைவு. மருத்துவம் கிடைக்காவிடில், தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 2 மணி நேரத்தில் உயிர் போய்விடலாம் என்று மகப்பேற்று நல வல்லுநர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்கின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 பெண்கள் இவ்வாறு இறக்கிறார்கள்.

இந்த 2 மணி நேரத்தில் தாயின் அருகில் இருப்பவர் யார்? பெரும்பாலும் அறுவை மருத்துவர் அல்லர், மருத்துவச்சியோ செவிலியரோதான். ஆகவே இந்நோயின் வரலாற்றை எழுதும்போது, மருந்தையும் கருவியையும் யார் கண்டுபிடித்தார் என்று கேட்டால் மட்டும் போதாது. கண்டுபிடித்தது எப்போது மருத்துவச்சியின் கைக்கு வந்தது என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் சில வேளைகளில் வியப்பூட்டுவதாக இருக்கிறது.

எல்லையோரத்து நிலம்

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். 1970-களில் ‘சிப்காட்’ நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. நொடிக் கணக்குத் தவறாத கடிகாரங்களைச் செய்யும் ஊர் என்று ஓசூர் பெயர் பெற்றது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று.

இதே மாவட்டத்தில்தான் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் முதலிய காட்டு மலைப் பகுதிகளும் உள்ளன. தேசிய நெடுஞ்சாலையில் விரையும் சரக்குந்து ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் நுழையும் நேரத்தில், மலைச் சிற்றூரில் தொட்டில் கட்டித் தூக்கிவரப்படும் நோயாளி சாலையைக்கூட எட்டியிருக்க முடியாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இங்கு ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. பிள்ளைப்பேறு பார்ப்பவளுக்குத் தமிழில் மருத்துவச்சி என்றும், கன்னடத்தில் சூலகித்தி என்றும், தெலுங்கில் மந்திரசானி என்றும் பெயர். மொழி மூன்றானாலும் அந்தப் பெண்ணின் நிலை ஒன்றுதான். கைத்திறன் நிறைய உண்டு. கருவி ஏதும் கிடையாது. கர்நாடகத்தின் பாவகடா வட்டாரத்தில் ஊதியமின்றிப் பல்லாயிரம் பேறுகளைப் பார்த்த சூலகித்தி நரசம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த மரபின் பெருமைக்கு அது சான்று. ஆனால் குருதி பெருகத் தொடங்கிவிட்டால் எத்தகைய கைராசியும் தனித்து நின்று போராட இயலாது.

மருத்துவச்சியிடமிருந்து போன மருந்து

இனி வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். கருப்பையை இறுகச் செய்யும் முதல் மருந்து மருத்துவர்கள் கண்டதன்று. ஐரோப்பாவில் ‘ரை’ என்னும் தானியக் கதிர்களில் கருநிறக் கொம்பு போல் ஒரு பூஞ்சை வளரும். அதற்கு எர்காட் என்று பெயர். அங்குள்ள மருத்துவச்சிகள் அதைப் பேற்றுக்குப் பயன்படுத்தியதை ஆதாம் லோனிட்சர் என்ற ஜெர்மானியர் 1582-ஆம் ஆண்டிலேயே தம் மூலிகை நூலில் குறித்துள்ளார். 1808-இல் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதிய பின்னரே மருத்துவ உலகம் இதைக் கவனித்தது. மருத்துவர்கள் பேற்றை விரைவுபடுத்த இதை அளவின்றிக் கொடுத்தனர், குழந்தைகள் இறந்தன, கருப்பைகள் கிழிந்தன. குழந்தை பிறப்பதற்கு முன் இதைத் தரலாகாது என்றும், பேற்றுக்குப்பின் குருதியை நிறுத்த மட்டுமே தரலாம் என்றும் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசாக் 1820-களில் எச்சரித்தார்.

1935-இல் லண்டனில் ஹெரால்டு டட்லி என்ற வேதியியலாரும் சாசர் மோயர் என்ற மருத்துவரும் எர்காட்டிலிருந்து எர்கோமெட்ரின் என்னும் தூய பொருளைப் பிரித்தெடுத்தனர். இதற்கிடையே மற்றொரு பாதையும் திறந்திருந்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையை இறுகச் செய்வதை ஹென்றி டேல் 1906-இல் கண்டார். அச்சாற்றில் உள்ள ஆக்சிடோசின் என்ற பொருளின் அமைப்பை அறிந்து, அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? சென்னை எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி அளிக்கும் முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்றவர், பெறாதவர் என்ற கோடு அப்போது வரையப்பட்டது. விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும், துணைச் செவிலியர்-மருத்துவச்சி என்ற பணியும் வந்தன. தமிழ்நாட்டில் அவரையே இன்று கிராம சுகாதாரச் செவிலியர் என்கிறோம். ஆயினும் குருதியை நிறுத்தும் ஊசியைத் தாமாக முடிவு செய்து போடும் உரிமை அவருக்கு நெடுங்காலம் தெளிவாக வழங்கப்படவில்லை. ஆக்சிடோசின் உள்ளிட்ட சில உயிர் காக்கும் மருந்துகளை அவர் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறின. நோபல் பரிசு கிடைத்து அப்போது 50 ஆண்டுகள் நிறைந்திருந்தன. மருத்துவச்சியின் கையில் தொடங்கிய மருந்து, மருத்துவரின் பைக்குப் போய், திரும்பி வர இத்தனை காலம் ஆயிற்று.

குளிர்ச்சி என்னும் தடை

உரிமை கிடைத்தபின் மற்றொரு தடை எஞ்சி நின்றது. ஆக்சிடோசின் வெப்பம் தாங்காத மருந்து. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்தால்தான் அதன் ஆற்றல் குறையாமல் இருக்கும். மின்சாரம் விட்டுவிட்டு வரும் துணை நிலையத்தில், கோடை வெயிலில், ஆற்றல் இழந்த ஊசியைப் போட்டுவிட்டுக் குருதி ஏன் நிற்கவில்லை என்று திகைக்கும் செவிலியரை என்ன சொல்லிக் குறை கூறுவது? குப்பியைப் பார்த்து மருந்து கெட்டுவிட்டதா என்று கண்டறிய முடியாது.

2018-இல் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு சிக்கல் வந்தது. பால் கறவைக்காக மாடுகளுக்கு ஆக்சிடோசின் ஊசி போடும் முறைகேட்டைத் தடுக்க எண்ணிய மத்திய அரசு, உள்நாட்டுத் தேவைக்கான இம்மருந்தைத் தனியார் நிறுவனங்கள் தயாரிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. பெங்களூரில் உள்ள கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஒன்றே தயாரிக்கும் என்பது திட்டம். நாட்டின் எல்லாப் பேறுகளுக்கும் வேண்டிய மருந்து ஒரே ஆலையை நம்பியிருந்தால், அந்த ஆலையில் ஒரு வாரம் பழுது ஏற்பட்டாலும் என்னவாகும் என்று மருத்துவர்கள் கவலை தெரிவித்தனர். வழக்குத் தொடரப்பட்டது. 2018 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்தது. பின்னர் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மாட்டுக் கொட்டகையில் நடக்கும் தவற்றைத் திருத்தப் போய்ப் பேற்று அறையின் மருந்து அலமாரி காலியாகும் நிலை வரலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

குளிர்ச்சித் தடையை நீக்க அறிவியல் வேறு வழியும் தேடியது. கார்பெட்டோசின் என்ற உறவு மருந்தை வெப்பம் தாங்கும் வகையில் செய்து, இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதித்தனர். குருதிப்போக்கைத் தடுப்பதில் அது ஆக்சிடோசினுக்குக் குறைந்ததன்று என்ற முடிவு 2018-இல் வெளியாயிற்று.

பெளகாவியில் 1,620 தாய்மார்கள்

ஓசூருக்கு வடமேற்கே, கர்நாடகத்தின் மறு கோடியில் பெளகாவி மாவட்டம் இருக்கிறது. அதன் பழைய பெயர் பெல்காம். அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2002 முதல் 2005 வரை ஓர் ஆய்வை நடத்தினர். மிசோபிராஸ்டால் என்ற மாத்திரையைப் பற்றியது அது. வயிற்றுப் புண்ணுக்காக உருவாக்கப்பட்ட இம்மாத்திரை கருப்பையையும் இறுகச் செய்யும். குளிர்ப் பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், விலையும் மலிவு. மருத்துவர் இல்லாத சிற்றூர்ப் பேறுகளில் துணைச் செவிலியர்-மருத்துவச்சியே இதைக் கொடுத்தால் பயன் உண்டா என்பதே கேள்வி.

1,620 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 600 மைக்ரோகிராம் மாத்திரையும், மற்றவர்க்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. போலி மாத்திரை பெற்றவர்களில் 100-க்கு 12 பேருக்குக் குருதிப்போக்கு 500 மில்லி லிட்டரைத் தாண்டியது. மருந்து பெற்றவர்களில் இது 6.4 ஆகக் குறைந்தது. ஒரு லிட்டருக்கு மேல் போன கடும் நிகழ்ச்சிகள் 1.2-இலிருந்து 0.2 ஆயின. 2006-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த முடிவுகள், மருத்துவச்சியின் கையில் மருந்தைத் தரலாமா என்று தயங்கியவர்களுக்கு எண்களாலேயே விடை கூறின. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பயனுக்காக மிசோபிராஸ்டாலை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஆய்வில் மற்றொரு எளிய கருவியும் உலகுக்குக் கிடைத்தது. எவ்வளவு குருதி போயிற்று என்பதை அதுவரை எல்லோரும் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு வந்தனர். துணியில் ஊறியதையும் தரையில் வழிந்ததையும் எப்படி அளப்பது? பெளகாவி ஆய்வாளர்கள் தாயின் இடுப்புக்கு அடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை உருவாக்கினர். அதன் முன்பகுதி புனல் போல் குறுகிப் பையாகத் தொங்கும். பையின்மேல் பால் அளக்கும் குவளையில் உள்ளது போல் மில்லி லிட்டர் கோடுகள் இருக்கும். இதை வைத்து ஒப்பிட்டபோது, கண் மதிப்பீடு உண்மை அளவைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது தெரியவந்தது. அதாவது 600 மில்லி லிட்டர் போனபின்னும், ‘400தான் போயிற்று, அஞ்ச வேண்டாம்’ என்று நினைத்து மணித்துளிகளை இழந்து கொண்டிருந்தோம். விலையுயர்ந்த இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு பிளாஸ்டிக் பை செய்தது.

விமானி அணிந்த உடை

மருந்து கொடுத்தும் குருதி நிற்கவில்லை. பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ளது. இடைப்பட்ட வழியில் தாயை எப்படி உயிருடன் வைத்திருப்பது? இந்தக் கேள்விக்கு விடை வானத்திலிருந்து வந்தது என்றால் மிகையாகாது.

1903-இல் ஜார்ஜ் கிரைல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், காற்றடைத்த இரப்பர் உடையால் கால்களையும் வயிற்றையும் அழுத்தினால் குருதி அழுத்தம் உயர்வதைக் காட்டினார். பின்னர் போர் விமானிகளுக்கு இத்தகைய உடை பயன்பட்டது. விமானம் திடீரெனத் திரும்பும்போது குருதி கால்களுக்கு இறங்கி விமானி மயங்கிவிடாமல் இது தடுக்கும். 1969-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில், பேற்றுக்குப்பின் குருதி நிற்காத ஒரு பெண்ணைக் காக்க, அருகிலிருந்த நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் உதவி நாடப்பட்டது. விமானியின் உடையை மாற்றி அணிவித்து அவரைக் காப்பாற்றினர். பிறகு காற்றடைக்கத் தேவையில்லாத எளிய வடிவம் உருவாயிற்று.

இன்று நம் செவிலியர்கள் என்.ஏ.எஸ்.ஜி. என்று சொல்லும் உடை இதுதான். அதிர்ச்சி தடுக்கும் உடை என்று நாம் தமிழில் கூறலாம். நியோப்ரீன் என்ற நீட்சியுள்ள செயற்கை இரப்பர்த் துணியால் ஆனது. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். கணுக்கால், முழங்காலுக்குக் கீழ், தொடை, இடுப்பு, வயிறு எனத் தனித்தனிப் பட்டைகள் இருக்கும். செருப்பிலும் பையிலும் காணும் ஒட்டுப் பட்டையால் இவற்றை இறுக்கி ஒட்ட வேண்டும். வயிற்றுப் பட்டையின் உள்ளே ஒரு சிறு பந்து இருந்து கருப்பைப் பகுதியை அழுத்தும். பயிற்சி பெற்றவர் ஓரிரு நிமிடங்களில் அணிவித்துவிடலாம். கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதி இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்குத் திருப்பப்படுகிறது; கருப்பைக்குச் செல்லும் குழாய்களும் நெருக்கப்படுகின்றன. துவைத்துத் தூய்மை செய்து மீண்டும் பல முறை பயன்படுத்தலாம்.

இந்த உடையைக் கழற்றுவதற்கும் ஒரு விதி உண்டு. கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பட்டைக்கும் 15 நிமிட இடைவெளி விட்டே திறக்க வேண்டும். ஒரு பட்டையைத் திறந்தபின் நாடித் துடிப்பு 20 கூடினாலோ, குருதி அழுத்தம் 20 குறைந்தாலோ உடனே மீண்டும் இறுக்க வேண்டும். இந்த விதியை அறியாத ஒருவர், பெரிய மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்தவுடன் வயிற்றுப் பட்டையை முதலில் பிரித்துவிட்டால், குருதி கீழே பாய்ந்து, வழியெல்லாம் காப்பாற்றி வந்த உயிர் வாயிலில் போய்விடலாம். அணிவிப்பவருக்குத் தரும் பயிற்சியைக் கழற்றுபவருக்கும் தர வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டில் வந்த கதை

2002-இல் பாகிஸ்தானின் சியால்கோட் நகர மருத்துவமனையில் இவ்வுடையால் தாய்மார்கள் காப்பாற்றப்பட்ட செய்தியைப் பால் ஹென்ஸ்லி என்ற மருத்துவர் வெளியிட்டார். கலிபோர்னியாவின் சூலன் மில்லர் எகிப்து, நைஜீரியா முதலிய நாடுகளில் ஆய்வுகளை விரிவாக்கினார். இவர் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2000-களின் பிற்பகுதியில் பாத்ஃபைண்டர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம், மக்ஆர்தர் அறக்கட்டளையின் பொருளுதவியோடு, இந்தியாவிலும் நைஜீரியாவிலும் இவ்வுடையைப் பரப்ப முனைந்தது. இந்தியாவில் அம்முயற்சிக்கு முதலில் இடம் தந்த மாநிலங்களுள் தமிழ்நாடு ஒன்று. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செவிலியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 108 ஊர்திகளிலும் இவ்வுடை இடம்பெறலாயிற்று.

விதை விழ ஏற்ற நிலமாகத் தமிழ்நாடு அப்போது இருந்தது. 1990-களிலிருந்தே இங்கு ஒவ்வொரு தாயின் இறப்புக்கும் காரணம் தேடும் தணிக்கை முறை தொடங்கியிருந்தது. எந்த நேரத்தில் குருதி பெருகியது, எப்போது ஊர்தி வந்தது, எங்கே தாமதம் என்று வரிசையாகக் கேட்கும் முறை அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் பணியாற்றும் ஏற்பாடு வந்தது. குருதி செலுத்தவும் அறுவை செய்யவும் வசதியுள்ள அவசர மகப்பேற்று மையங்கள் 2000-களின் நடுவில் மாவட்டங்கள்தோறும் அமைக்கப்பட்டன. 2008 செப்டம்பரில் 108 ஊர்திகள் ஓடத் தொடங்கின. தருமபுரியில் 2008-இலும், கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன.

இவை அனைத்தும் சேர்ந்து தந்த பயனை எண்களில் காணலாம். இந்தியப் பதிவுத் துறையின் மாதிரிக் கணக்கெடுப்பின்படி, 2001-03 காலத்தில் தமிழ்நாட்டில் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20 காலத்தில் அது 54 ஆயிற்று. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 301-இலிருந்து 97 ஆகக் குறைந்தது. 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. எனவே இன்று ‘மருத்துவச்சியின் பை’ என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேற்று அறை அலமாரியையும், 108 ஊர்தியின் உட்புறத்தையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

கருவி மட்டும் போதுமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஸாம்பியா, ஸிம்பாப்வே நாடுகளில் 38 சிறு சுகாதார நிலையங்களில் அதிர்ச்சி தடுக்கும் உடையைப் பற்றி ஒரு பெரிய சோதனை நடந்தது. 2013-இல் அதன் முடிவு வெளியாயிற்று. இறப்பு வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததுபோல் தெரிந்தாலும், அது தற்செயலன்று என்று புள்ளியியல் முறைப்படி உறுதி கூற எண்ணிக்கை போதவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இவ்வுடையை 2012-இலிருந்து பரிந்துரைக்கிறது. ஆனால் அது ஓர் இடைக்கால ஏற்பாடு என்றே கூறுகிறது. உடை குருதியை உண்டாக்காது. காலத்தை மட்டுமே வாங்கித் தரும். வாங்கிய காலத்தில் போய்ச் சேர ஒரு குருதி வங்கி இருக்க வேண்டும்.

மற்றொரு கருவியின் கதையும் இதையே சொல்கிறது. டாக்காவில் சாயிபா அக்தர் என்ற பெண் மருத்துவர், ஆணுறை ஒன்றைக் குழாயில் கட்டிக் கருப்பைக்குள் வைத்து, உப்பு நீரால் நிரப்பி அழுத்திக் குருதியை நிறுத்தினார். 2003-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 23 பெண்களுக்கும் குருதி நின்றிருந்தது. மலிவான இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் பின்னர் ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் நடந்த சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. குருதியும் அறுவை வசதியும் எட்டும் இடத்தில்தான் இத்தகைய பலூன்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது.

அப்படியானால் எது மிகுந்த பலன் தந்தது? 2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் 2,00,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. அளவுக் கோடிட்ட விரிப்பால் குருதியை அளந்தனர். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்தல், இறுக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழி நீர், கிழிசல் உண்டா என்ற ஆய்வு ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தனர். கடுங்குருதிப்போக்கு, அதற்கான அறுவை, இறப்பு ஆகியவை சேர்ந்த எண்ணிக்கை 60 விழுக்காடு குறைந்தது. முன்பு பாதி நிகழ்ச்சிகளே கண்டறியப்பட்டன. விரிப்பு வந்தபின் 100-க்கு 93 கண்டறியப்பட்டன. 2025 அக்டோபரில் வெளியான புதிய உலக நெறிமுறைகள், 500 மில்லி லிட்டர் வரை காத்திராமல், 300-ஐ எட்டும்போதே நாடியும் அழுத்தமும் மாறியிருந்தால் மருத்துவத்தைத் தொடங்கச் சொல்கின்றன. எல்லைக்கு அப்பால் ஒரு மாவட்ட ஆய்வில் உருவான பிளாஸ்டிக் பையின் வழி வந்த சிந்தனை இது.

எல்லையில் நிற்கும் கேள்வி

மீண்டும் ஓசூர்ப் பகுதிக்கு வருவோம். அஞ்செட்டி மலையடியில் பேறு பார்க்கும் செவிலியர் ஒரு தாய்க்கு அதிர்ச்சி தடுக்கும் உடையை அணிவித்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாய் தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியே தருமபுரிக்கோ, எல்லை தாண்டிப் பெங்களூருக்கோ கொண்டு செல்லப்படுகிறார். உடை அவரோடு போய்விடுகிறது. அடுத்த நாள் அதே நிலையத்தில் மற்றொரு தாய்க்குக் குருதி பெருகினால்? அனுப்பும் நிலையமும் பெறும் மருத்துவமனையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால்தான் அலமாரி காலியாகாது. ஒரு மாநிலத்துக்குள் இதைச் செய்வது எளிது. இரு மாநிலங்களுக்கு இடையே, இரு வேறு கணக்கேடுகளுக்கு இடையே செய்வதற்குத் தனி உடன்பாடு வேண்டும். உடையைப் பெறுகிற இடத்தில் அதைக் கழற்றத் தெரிந்தவர் இருக்கவும் வேண்டும்.

இதற்கு நோபல் பரிசு பெறும் அறிவு தேவையில்லை. ஓசூரில் உள்ள ஒவ்வொரு தொழிற்சாலையும் அன்றாடம் செய்யும் வேலைதான் இது. எந்த உதிரிப் பாகம் எந்த அலமாரியில் எத்தனை உள்ளது, எடுத்ததற்கு ஈடாக எப்போது வரும் என்பதை அங்குள்ள பண்டகசாலை எழுத்தர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அதே ஒழுங்கு பேற்று அறைக்கும் வேண்டும்: குளிர்ப் பெட்டியின் வெப்பம் இன்று எவ்வளவு, ஆக்சிடோசின் எத்தனை ஊசி, அளவு விரிப்பு எத்தனை, உடை திரும்பி வந்துவிட்டதா என்ற நான்கு கேள்விகள். நாள்தோறும் காலையில் இவற்றுக்கு விடை எழுதப்படும் நிலையத்தில், நள்ளிரவில் வரும் தாய்க்கு அந்த 2 மணி நேரம் முழுமையாகக் கிடைக்கும்.